கழுவப்பட்ட பன்னிரண்டு ஜாடிகள்

கல்லூரியில் என் அக்காவுக்குச் 'சேற்றக்கா' என்று பேர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். ஆனால் போன வாரம் அவளுக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள் பாருங்கள், நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா ஆய்வுக்கூட உதவியாளர். சாக்கடைச் சேற்றை வாளியில் சுமந்துவந்து பன்னிரண்டு ஜாடிகளில் நிரப்பினாள். ஒவ்வொன்றிலும் கரி இழையால் நெய்த ஒரு துணி. சேற்றிலுள்ள பாக்டீரியா அந்தத் துணியில் வழவழவென்று படிந்து, அழுக்கைத் தின்று மின்சாரம் தரும். பன்னிரண்டையும் கம்பியால் இணைத்தால் ஒரு குட்டி விளக்கு எரியும். நான்கு மாதம், ஞாயிறுகூட விடாமல் தீனி போட்டாள். காய்ச்சலோடு கிடந்த அன்றும், "அதுங்க பட்டினி கிடக்கும்டா" என்று எழுந்து போனாள். போதாததற்கு, பதின்மூன்றாவது ஜாடி ஒன்று எங்கள் குளியலறையில். நாற்றம் தாங்காமல் நான் கத்தாத நாளில்லை.

அந்த விளக்கைப் பார்க்க வெளியிலிருந்து பார்வையாளர்கள் வரும் நாள் காலை மேற்பார்வையாளர் ஆய்வுக்கூடத்தை எட்டிப் பார்த்திருக்கிறார். "சீ, என்ன அசிங்கம் இது!" அக்கா வருவதற்குள் ஆளை விட்டு எல்லா ஜாடியையும் கொட்டி, துணிகளைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கவைத்து, நல்ல தண்ணீர் ஊற்றிப் பளபளவென்று அடுக்கிவிட்டார். அந்த வழவழப்புதானய்யா உயிர்! இதுகூடத் தெரியாமல் என்ன மேற்பார்வை?

விளக்கு எரியவில்லை. எப்படி எரியும்? வந்தவர்கள் முன்னாலேயே, "இந்தம்மா சரியா பாத்துக்கல சார்" என்று கையைக் காட்டினார் மனிதர். மறுநாள் மெமோ வந்தது. இரண்டு நாளில் விளக்கம் தராவிட்டால் வேலை போய்விடும். அக்கா சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

"குளியலறை ஜாடி இருக்கே, எழுந்திரு" என்றேன்.

நான்தான் சுமந்து போனேன். பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை. பிரின்சிபால் மேஜையில் வைத்து மீட்டரை மாட்டினாள் அக்கா. முள் சட்டென்று எழுந்தது.

"துணியத் தேய்ச்சா எல்லாம் செத்துடும் சார். தேய்ச்சது நான் இல்ல."

பிரின்சிபால் மெமோவைக் கிழித்தார். பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளரோ கொஞ்சமும் கூச்சமில்லாமல் போனை எடுத்தார். "ஒரு படம் எடுத்துக்கலாம். அதுக்கு முன்னாடி அந்த ஜாடிய மட்டும் கொஞ்சம் கழுவிட்டு வாம்மா."

அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிரின்சிபாலிடம் கையை நீட்டினாள்.

"ஆய்வுக்கூடச் சாவி இனிமே என்கிட்டதான் இருக்கணும், குடுங்க சார்."