என் மேல் இன்னும் பெரிய குற்றம்

அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் சிக்மண்ட் நோவிட்ஸ்கியைத் தெரியாத கட்டட மேஸ்திரி கிடையாது. முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று கூரையின் உட்புறமெல்லாம் தீப்பிடிக்காத பூச்சு அடித்தவர். பூச்சில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அன்றைக்கு எல்லாரும் அதைத்தான் அடித்தார்கள்; அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. 1985 மார்ச்சில் ஒரு பள்ளி நிர்வாகம் வழக்குப் போட்டது. கூரையைப் பெயர்த்து மாற்றும் செலவு இவர் தலையில்!

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் வைத்து வாதாடும் என்று நம்பிக் கடிதம் போட்டார். போட்டவர் அதோடு விட்டாரா? 'நான் அடிச்ச கூரை பாறை மாதிரி நிக்குது, ஒரு பொட்டுத் தூள் உதிரலை' என்று தொழில் பெருமையையும் சேர்த்து எழுதித் தொலைத்தார். உதிரவில்லை என்றால் சொத்துக்குச் சேதமில்லை, சேதமில்லாத வழக்குக்கு வக்கீல் அனுப்ப மாட்டோம் என்று பதில் வந்தது.

"கையை வச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியாதா உங்களால?" மனைவி வாண்டா பொரிந்தாள். "நாமளே வக்கீல் வச்சா வீடு போயிடும்!"

மனிதருக்குப் பயத்தில் சாப்பாடு இறங்கவில்லை. மாதா கோயிலில் பழக்கமான வக்கீலம்மா லூட்ஸ்தான் வழி சொன்னாள்.

"நீங்க எழுதினதை விடுங்க. பள்ளிக்காரங்க மனுவுல என்ன குத்தம் சொல்றாங்களோ, அதை வச்சுத்தான் கம்பெனி வாதாட வரணும். உதிர்ந்துச்சுன்னு அவங்க ஒரு வரி எழுதினாப் போதும். மனுவைத் திருத்தப் போறாங்களாம்."

அன்றிலிருந்து மாதா முன்னால் ஒன்பது நாள் ஜெபம். 'தாயே, என் மேல இன்னும் பெரிய குத்தமாச் சொல்ல வை!' எவனாவது இப்படி வேண்டுவானா? இவர் வேண்டினார். தபால்காரர் செருப்புச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடினார்.

திருத்திய மனுவை லூட்ஸே கொண்டுவந்து படித்தாள். கூரைத் தூள் உதிர்ந்து மேசை, புத்தகம், காற்றுக்குழாய் எங்கும் படிந்து, 1961 முதல் கட்டடமே கெட்டுவிட்டதாம்.

"தப்பிச்சீங்க! இனி கம்பெனி தட்டிக்கழிக்க முடியாது."

சிக்மண்ட் சிலுவை போட்டுக்கொண்டு சிரித்தார். வாண்டா சிரிக்கவில்லை.

"அறுபத்தொண்ணா? நம்ம பொண்ணு இரேனா அந்தப் பள்ளிக்கூடத்துல அறுபத்திரண்டுலதானே சேர்ந்தா?"

"அட, அது வக்கீல் எழுத்து. ஒண்ணும் உதிரலைன்னு நான்தான் சொல்றேனே."

"ஏறிப் பாத்தீங்களா?"

அடித்துவிட்டு இறங்கியவர் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் காலே வைக்கவில்லை. சிக்மண்ட் எழுந்துபோய் மகளின் நம்பரைச் சுழற்றினார். இரண்டு தரம் தப்பு நம்பர் விழுந்தது.

"இரேனா, அப்பா பேசறேன். ஒண்ணுமில்லம்மா... உனக்கு இருமல் கிருமல் ஏதாவது இருக்கா?"