கிராணியின் நனைந்த கால்

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஐயா பொய் சொன்னார். ஜப்பான்காரன் காலத்தில், டிரைவர் வேண்டுமென்றே காரின் தண்ணீரைத் திறந்துவிடுகிறான் என்று அதிகாரியிடம் சொன்னார். போன திருவிழாவில் கோயில் மண்டபத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, அதே டிரைவரைத் தான்தான் காப்பாற்றியதாகச் சொன்னார். இரண்டும் பொய். அந்த டிரைவரின் பெண்டாட்டி நான். இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்.

மலாயாவில், ரெங்கம் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய கார் ஜப்பான் அதிகாரிக்கு வந்தது. என் வீட்டுக்காரர் ஓட்டுவார். பக்கத்து சீட்டில் கிராணி, பின்னால் அதிகாரி. அந்த ஸ்டியரிங்தான் எங்களுக்கு உயிர். மற்ற ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போனார்கள். டிரைவரை விட்டுவைத்தார்கள். யார் போவது என்று பெயர் கொடுத்தது கிராணி. அவருடைய மைத்துனனுக்கும் கார் ஓட்டத் தெரியும்; என் வீட்டுக்காரர் போனால் அந்த இடம் அவனுக்கு.

அப்போதுதான் கார் சூடாகி வழியில் நிற்க ஆரம்பித்தது. காலையில் நிரப்பிய தண்ணீர் மத்தியானம் இருக்காது. அந்த வாரம் முழுக்க கிராணி சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினார். தோல் சப்பாத்து கிடைக்காத காலம், மிச்சம் பிடிக்கிறார் என்று நாங்கள் சிரித்தோம்.

"ஆயர் மானா?" என்று அதிகாரி கத்தினான். தண்ணீர் எங்கே என்று மலாய் மொழியில் கேட்கிறான். கிராணி என் வீட்டுக்காரரைக் கை காட்டினார். நாளைக்குள் கார் சரியாக வேண்டும், இல்லாவிட்டால் டிரைவர் சயாமுக்கு என்று தீர்ப்பாகிவிட்டது.

என் வீட்டுக்காரரிடம் அடக்கமெல்லாம் கிடையாது. "ரேடியேட்டர்தான். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்" என்றார். கழற்றித் தொட்டியில் முக்கினார். ஒரு குமிழிகூட வரவில்லை, ஓட்டை அதில் இல்லை. ரப்பர் குழாய்கள் காய்ந்திருந்தன. எண்ணெயில் தண்ணீர் கலந்தால் வெளுத்துப்போகும், அதுவும் நன்றாகவே இருந்தது. அவர் சோர்ந்துபோகவில்லை. காருக்குள் குனிந்து, கிராணி கால் வைக்கும் இடத்து விரிப்பைத் தூக்கினார். சொதசொதவென்று ஈரம்.

"மழைத் தண்ணியா இருக்குமுங்க" என்றேன்.

"மழைத் தண்ணி துரு நெறத்துலயா இருக்கும்?"

அதற்கு நேர் மேலே ஒரு தகரப் பெட்டி. நான் அதை ரேடியோ என்று நினைத்திருந்தேன்.

"சூடு காயற பொட்டி புள்ள. குளிர் நாட்டுக்குச் செஞ்ச காரு. எஞ்சின் சுடுதண்ணி இதுக்குள்ள சுத்திட்டுத் திரும்பிப் போவும்."

"ரெங்கத்து வெயிலு பத்தலையாமா துரைக்கு?"

"அலமாக், சிரிக்க வைக்காத. வீட்டுல மரவள்ளி மாவு இருக்கா?"

"அது பிள்ளைங்களுக்கு வச்சது."

"பிள்ளைங்களுக்கு மாவு வேணுமா, அப்பன் வேணுமா? போய் எடுத்துட்டு வா."

திட்டிக்கொண்டேதான் கொண்டுவந்தேன். மறுநாள் காலையில், அதிகாரியும் கிராணியும் பார்க்க, பெட்டியைத் துடைத்தார். கீழே வாழை இலையில் மாவை மெல்லப் பரப்பினார். எஞ்சினை ஓடவிட்டார். மாவு வெள்ளையாகவே கிடந்தது. கிராணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒரு பழுப்புப் பொட்டு விழுந்தது. அதன்மேல் இன்னொன்று. பெட்டியின் மூலையிலிருந்துதான் சொட்டியது. அதிகாரி மண்டியிட்டு அதைத் தொட்டான், "பானாஸ்", சுடுகிறது என்று விரலை உதறினான்.

என் வீட்டுக்காரர் திரும்பி, "ஐயா, தெனமும் இங்கதானே கால வச்சிருந்தீங்க? சுடலையா?" என்று கேட்டார். கிராணி காது கேட்காதவர் மாதிரி ரப்பர் மரங்களைப் பார்த்தார்.

ஓட்டையை அடைக்க ஈயம் கிடையாது. பெட்டிக்குப் போகும் குழாயையும் அதிலிருந்து வரும் குழாயையும் பிடுங்கினார். உடைந்த சைக்கிள் பம்பின் குழாயில் ஒரு துண்டு வெட்டி, இரண்டையும் நேராக இணைத்துக் கம்பியால் இறுக்கினார். இனித் தண்ணீர் பெட்டிக்குள் போகாது, எஞ்சினுக்கே திரும்பிவிடும். அவ்வளவுதான். கூலாய் டவுன் வரை போய் வந்தார்கள். ரேடியேட்டரைத் திறந்தால் தண்ணீர் அப்படியே இருந்தது. என் புருஷன் சயாமுக்குப் போகவில்லை.

கழுத்துக்குக் கத்தி வந்த நேரத்தில் அவ்வளவு நிதானமாக அந்த மாவைப் பரப்பிய மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சாகும்வரை அந்தக் கதையைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டார். சொல்லச் சொல்ல மாவு கூடிக்கொண்டே போகும். அடித்துக்கொள்ளட்டுமே, அவருக்குத் தகும். ஆனால் கிராணியைப் பற்றி மட்டும் வெளியில் வாய் திறக்கவில்லை.

அவர் விட்டார். நான் விட மாட்டேன். கிராணி ஐயா, எந்த மண்டபத்தில் மைக் பிடித்தீர்களோ அதே மண்டபத்தில், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்லுங்கள். அந்த வாரம் உங்கள் கால் நனைந்ததா, இல்லையா?