கண்ணாயி வீட்டு மெயின் சுவிட்ச்

கொல்லிமலைமேல் செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான் என் எலக்ட்ரிக்கல் கடை. வயர்மேன் அர்த்தனாரி தினமும் வருவார். முக்கால்வாசி சாமான் வாங்க, கால்வாசி குழம்ப. போன ஐப்பசிக்குப் பிறகு அது தலைகீழாகிவிட்டது.

கொல்லிமலையில் தண்ணீர் மேலேயிருந்துதான் வரும். ஓட்டு இடுக்கில் ஒழுகி, சுவர் வழியாக இறங்கும். அதனால் இங்கே வயரிங் செய்கிறவர்கள் மெயின் சுவிட்சையும் பிளக் பாயிண்டையும் கூரைக்கு எட்டாமல் இடுப்புக்குக் கீழே இறக்கிவிடுவார்கள். அர்த்தனாரியும் மீசை முளைத்த நாளிலிருந்து அப்படித்தான். அந்தத் தெம்பில், அடிவாரத்தில் புளியஞ்சோலை ஆற்றோரம் இருக்கும் தன் தங்கை கண்ணாயியின் வீட்டுக்கும் அதே மாதிரி செய்து கொடுத்தார். மலைமேல் பெய்கிற மழையெல்லாம் ஆறாக இறங்கி அவள் வாசலுக்குத்தானே போகிறது என்பது மனிதருக்கு உறைக்கவே இல்லை.

ஐப்பசி மழையில் ஆறு வீட்டுக்குள் வந்தது. மெயினை அணைக்கலாம் என்று கண்ணாயி தண்ணீரில் காலை வைத்தாள். கரண்ட் அவளைத் தூக்கி வாசலில் எறிந்தது. உயிர் தப்பியது தெய்வச் செயல். இடது கை மட்டும் மரத்துப்போய்விட்டது.

"எனக்குக் கரண்டே வேண்டாம்ண்ணா. அறுத்து உட்டுரு" என்றாள்.

புருஷன் இறந்தபின் ஆடுகளோடு தனியாக இருப்பவள். இருட்டினால் வீட்டைச் சுற்றிப் பாம்பு. அவள் மறுபடி பயமில்லாமல் ஒரு விளக்குப் போட வேண்டும், அதுவும் அடுத்த மழைக்குள். அர்த்தனாரிக்குச் சோறு இறங்கவில்லை. கடைக்கு வந்து என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க, மேல வெச்சா ஒழுகுது, கீழ வெச்சா ஆறு வருது. நடுவுல வெச்சா?"

"நடுவுல வெச்சா ரெண்டும் வரும்" என்றேன். கோபித்துக்கொண்டு போனார். மறுநாளே வந்து நின்றார்.

வெள்ளம் சுவரில் விட்டுப்போன கறைக்கு மேலே பிளக் பாயிண்டையெல்லாம் ஏற்றினார். வயர்களைத் தரையோரம் விடாமல் மேலிருந்து தொங்கவிட்டார். கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கரும் போட்டார். அது விழாவிட்டால்? மெயினைக் கையால் அணைக்க வேண்டுமே! அதை விட்டத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். கண்ணாயி குள்ளம்.

"தண்ணிக்குள்ள முக்காலி போட்டு ஏறச் சொல்றயா?" என்றாள்.

கழற்றினார். என்னிடம் மெயின் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார், மறுபடி வாங்கினார், மறுபடி திருப்பினார். எனக்குத் தலை சுற்றியது.

"உங்க தங்கச்சியையே கேளுங்களேன்!" என்று கத்தினேன். தொல்லை விட்டால் போதும் என்றுதான் சொன்னேன்.

அவரோ அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, அங்கேயே போனைப் போட்டார். "கண்ணு, ஆறு வந்தா மொதல்ல எங்க போவே?"

"இதென்ன கேள்வி? மேட்டுப் பட்டிக்குத்தான். ஆட்ட அவுத்து உடோணுமில்ல? தண்ணி சத்தத்துல மெரண்டு கயித்துல கழுத்த நெரிச்சுக்குமே."

ஆட்டுப்பட்டி வீட்டுக்குப் பின்னால் மேட்டில் இருக்கிறது. ஆறு அங்கே ஏறியதே இல்லை. போனை வைத்துவிட்டு அர்த்தனாரி திருதிருவென்று விழித்தார்.

"ஊட்டு மெயின ஊட்டுக்கு வெளிய வெக்கலாமுங்களா?"

எனக்கும் விளங்கவில்லை. வைத்துத்தான் பாருங்கள் என்றேன். பட்டிக் கம்பத்தில், மழை புகாத பெட்டிக்குள், அவள் கைக்கெட்டும் உயரத்தில் வைத்தார். அவரே அதை ஆன் செய்துவிட்டு வந்தார். கண்ணாயி அதைச் சந்தேகமாகப் பார்த்தாளே தவிர, தொடவில்லையாம்.

கார்த்திகையில் விடிய விடிய மழை. காலையில் அர்த்தனாரி என் கடையில் நின்று போன் போட்டுக்கொண்டே இருந்தார். அவள் எடுக்கவில்லை.

"வயர மாத்தி மாட்டீட்டனோ? இறுக்குனேனா இல்லையா? ஒண்ணுமே நெனப்பு வரலீங்க" என்று புலம்பினார். மழை விட்டதும் கடையைச் சாத்திவிட்டு, இருவரும் காட்டு வழியாகக் கீழே இறங்கினோம்.

வீட்டுக்குள் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர். மேட்டில் ஆடுகளுக்கு நடுவே கண்ணாயி சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன் வெள்ளத்தோடு போய்விட்டதாம். மெயின் அணைக்கப்பட்டிருந்தது.

"ஆட்ட அவுத்துட்டு ஆஃப் பண்ணுனியா, கண்ணு?"

"இல்லண்ணா. மொதல்ல அதத்தான் பண்ணுனேன். அப்பறந்தான் ஆடு."

அர்த்தனாரி அவளுடைய மரத்த கையைப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்து அழுதார். அவர் எதற்கு அழுகிறார் என்று அவளுக்குப் புரியவில்லை.

"ஏண்ணா, சாயந்தரம் லைட்டுப் போடலாமா?"

"ஊடு காயட்டும், கண்ணு" என்றார்.