டீசல் போன வழி

எங்கள் லோடு வண்டி டீசலைக் கூடுதலாகக் குடிக்கத் தொடங்கியபோது, என் கணவர் முதலில் சந்தேகப்பட்டது டிரைவரைத்தான்.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் எங்களுக்கு ஒரு சிறிய பட்டறை இருக்கிறது. பியூஸ் கட்டைகளும் பீங்கான் அகல் விளக்குகளும் செய்கிறோம். வெளியே ஆர்டர் பிடிப்பது அவர். உள்ளே ஆட்களையும் சூளையையும் பார்த்துக்கொள்வது நான். சரக்கைச் சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் கொண்டுபோக ஒரு குட்டியானை லோடு வண்டி வைத்திருக்கிறோம். அதை ஓட்டுபவர் கருவேப்பிலங்குறிச்சிக்காரர். என்னைவிடச் சில வயது இளையவர். ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போகாமல் எந்த வேலைக்கும் வர மாட்டார். மற்ற நாட்களில் கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நிற்பார். வண்டி வாங்கிய நாளிலிருந்து அவர்தான் ஓட்டுகிறார்.

"லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் குடுத்த வண்டி. இப்ப பன்னெண்டு தாண்ட மாட்டேங்குது. மீதி எங்க போவுது?" என்றார் என் கணவர், காலைச் சாப்பாட்டின்போது. "வழியில எங்கியோ கேன்ல எறக்குறான்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கணுமா என்னா? எல்லா எடத்துலயும் நடக்குறதுதான்."

எனக்கு அது சரியாகப் படவில்லை. அதற்குக் காரணம் டிரைவர் மீதிருந்த நம்பிக்கை மட்டுமல்ல. முன்பு ஒருமுறை எங்கள் சூளையிலும் இப்படித்தான் கேஸ் அதிகமாகச் செலவானது. கேஸ் போடுகிறவன் எடையில் ஏமாற்றுகிறான் என்று அப்போதும் இவர் சண்டைக்குப் போனார். நான் சூளைக் கதவோரம் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டே சுற்றி வந்தேன். ஓரிடத்தில் கை பொறுக்க முடியவில்லை. கதவு இடுக்கில் அடைத்திருந்த, சூடு தாங்கும் பஞ்சு நைந்துபோய் நெருப்பெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது. எரிகிற பொருள் அதிகம் செலவானால் அதை யாரோ எடுத்திருக்க வேண்டும் என்பதில்லை. வேண்டாத இடத்திலும் அது எரிந்துகொண்டிருக்கலாம்.

ஆனால் நான் எதுவும் பார்ப்பதற்குள் அவர் அவசரப்பட்டுவிட்டார். லோடு ஏற்றிக்கொண்டிருந்த ஆட்களுக்கு முன்னால் டிரைவரிடம், "இனிமே பில்லு மட்டும் பத்தாது. போறப்பயும் வரப்பயும் டேங்கத் தொறந்து காட்டிட்டுப் போ" என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை டிரைவர் என் மேசைமேல் சாவியை வைத்தார்.

"நான் நின்னுக்கிறேன் அக்கா. வேற ஆள் பாத்துக்கங்க."

"இன்னிக்கு நின்னீங்கன்னா எடுத்ததாலதான் நின்னாருன்னு ஆவும். ஒரு வாரம் பொறுங்க. நாளைக்குச் சிதம்பரம் லோடுக்கு நானும் வரேன்."

அவர் முகம் சுருங்கியது. "என்னைய வேவு பாக்கவா?"

"வண்டியை வேவு பாக்க."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

மறுநாள் பங்க்கில் டேங்க்கை வாய்வரை நிரப்பச் சொன்னேன். ஓடிய கிலோமீட்டரைப் பார்த்துக்கொண்டேன். திரும்பி வந்து அதே பங்க்கில், அதே குழாயில், மறுபடி வாய்வரை நிரப்பினால் எவ்வளவு பிடிக்கிறதோ அதுதான் வண்டி குடித்தது. இதில் யாரும் யாரையும் ஏமாற்ற வழியில்லை. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கருவேப்பிலங்குறிச்சி தாண்டும்வரை நாங்கள் இருவரும் பேசவில்லை.

பேசாமல் இருந்ததும் நல்லதாகப் போயிற்று. வண்டி எழுப்பிய சத்தங்கள் எல்லாம் காதில் விழுந்தன. தலைக்கு மேலே தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. மழைக்காலத்தில் சரக்கை மூடுவதற்காக மாட்டிய உயரமான கம்பிக் கூண்டு. மழை போய் மாதக்கணக்காகியும் அதைக் கழற்றவில்லை. பின்னால், சரக்குக்குக் கீழே, சூளைக்குள் சரக்கை அடுக்கப் பயன்பட்டு உடைந்துபோன பலகைக் கற்கள் கடகடத்துக்கொண்டிருந்தன. எப்போதோ கொட்டுவதற்காக ஏற்றி, கொட்டாமலே ஊர் ஊராகச் சுமந்துகொண்டிருந்தோம். ரயில்வே கேட் மூடியிருந்த இடத்தில் வண்டி நின்றது. அவர் இன்ஜினை அணைக்கவில்லை.

"ஏன் ஓடிக்கிட்டே இருக்குது?"

"பேட்டரி வீக்கு அக்கா. நிறுத்துனா தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும். அண்ணங்கிட்ட ரெண்டு தடவ சொல்லிட்டேன்."

சேத்தியாத்தோப்பில் டீக்கு நிறுத்தினோம். அங்கேயும் இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு, சூளைப் பழக்கத்தில் ஒவ்வொரு சக்கரமாக உள்ளங்கையைக் காட்டிக்கொண்டே போனேன். முன் சக்கரங்கள் இரண்டும் வெதுவெதுப்பு. பின்னால் இடது பக்கமும் அப்படியே. வலது பின் சக்கரத்தின் அருகே கையை நீட்டினேன், தொடாமலே சுட்டது.

"இங்க வாங்க" என்று அவரைக் கூப்பிட்டேன். அவரும் கையை நீட்டிப் பார்த்துவிட்டு உடனே இழுத்துக்கொண்டார்.

"பிரேக்கு புடிச்சிக்கிட்டு இருக்குது போல. காலை எடுத்தாலும் வுடல."

"அப்ப நீங்க ஒரு பக்கம் ஓட்ட, பிரேக்கு ஒரு பக்கம் நிறுத்த, டீசல் ரெண்டுக்கும் சேத்து எரியுது."

அவர் குனிந்து சக்கரத்தின் உள்பக்கத்தைப் பார்த்தார். பிறகு, "கொஞ்சம் இழுவையாத்தான் இருந்துச்சு. லோடு சாஸ்தின்னு நெனச்சேன்" என்றார்.

சிதம்பரத்தில் சரக்கை இறக்கி, மெதுவாகவே திரும்பி வந்து அதே பங்க்கில் நிரப்பினோம். கணக்குப் போட்டால் லிட்டருக்குப் பன்னிரண்டுதான் வந்தது. டிரைவர் பக்கத்தில் நின்றபடி கேட்டுக்கொண்டிருக்க, அங்கிருந்தே என் கணவருக்குப் போன் செய்தேன்.

"காலையிலேருந்து நான் வண்டியை வுட்டு நவுரல. டேங்கு மூடியத் தொட்டது ரெண்டே பேரு, ரெண்டு பேரும் பங்க்கு ஆளுங்க. அதே பன்னெண்டுதான் குடுக்குது. எடுத்தது வண்டி. இவரு இல்ல."

"சரி, வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். டிரைவர் திரும்பி நின்று, துண்டால் வண்டிக் கண்ணாடியைத் துடைப்பதுபோல் காட்டிக்கொண்டார். முகத்தைத்தான் துடைத்தார் என்று எனக்குத் தெரியும், பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

மறுநாள் வண்டி மெக்கானிக்கிடம் போனது. சிக்கிக்கொண்டிருந்த பிரேக்கைப் பிரித்துச் சரிசெய்தார். ஏர் ஃபில்டரைக் கழற்றியபோது, எங்கள் பேட்டையின் வெள்ளைக் களிமண் தூசி அதில் கோலமாவு போல் அப்பியிருந்தது. இன்ஜினுக்கு மூச்சு முட்டினால் டீசல் முழுதாக எரியாது, கரும்புகைதான் வரும். புதிது மாட்டினோம். பேட்டரியையும் மாற்றினோம். காற்றை முட்டிக்கொண்டிருந்த கம்பிக் கூண்டை நானே நின்று கழற்றவைத்தேன். பலகைக் கற்களை அன்றே கொட்டச் சொன்னேன். டயர்களில் காற்றைக் காலையில், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பே பார்க்க வேண்டும் என்று வழக்கமாக்கினேன். காற்று குறைந்த டயர் மணலில் நடக்கிற கால் மாதிரி. போகும், ஆனால் தெம்பைக் குடித்துவிடும்.

மிச்சம் இருந்தது டிரைவருடைய கால். இதைச் சொல்வதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. திருட்டுப் பழியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த மனிதரிடம், நீங்கள் ஓட்டுவதிலும் குறை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் சொன்னேன்.

"வேகத்தடை தூரத்துலயே தெரியுது. அது வரைக்கும் மிதிச்சிக்கிட்டே போயி கிட்டப் போனதும் பிரேக்கு போடுறீங்க. டீசல் எரிச்சி சேத்த வேகம் பிரேக்குல போயிருது. கொஞ்சம் முன்னாடியே காலை எடுத்துட்டீங்கன்னா வண்டி தானா ஓடிப்போயி அடங்கும்."

"நான் ஓட்டுற ஓட்டையும் கொற சொல்றீங்களா அக்கா?"

"சொல்றேன். பிரேக்கு கொறையச் சொன்னேன், பேட்டரி கொறையச் சொன்னேன். இதையும் சொல்லாம வுட்டா நாளைக்கு மறுபடி உங்க மேலதான் வந்து வுழும்."

அவர் இரண்டு நாள் என்னோடு அளவாகத்தான் பேசினார். ஆனால் வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் மாறியிருந்தது. கிறீச்சென்ற ஒலி இல்லை. உருண்டு வந்து ஓய்ந்து நின்றது.

அடுத்த சிதம்பரம் லோடுக்கு என் கணவர் தானே போவதாகச் சொன்னார். சாயங்காலம் திரும்பி வந்தவர்கள் இருவரும் ஒன்றாகவே இறங்கி உள்ளே வந்தார்கள். லோடு ஏற்றும் ஆட்கள் அங்கேயே இருந்தார்கள். என் கணவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"அன்னிக்கு இவரை நான் தப்பாப் பேசிட்டேன். இவரு எதுவும் எடுக்கல. வண்டியிலதான் கோளாறு. இப்ப பதினெட்டுக்கு மேலயே குடுக்குது."

பழைய 'அவன்' அன்றோடு போய், 'இவரு' வந்துவிட்டது. டிரைவர், "வுடுங்க அண்ணே" என்றார். அதற்குப் பிறகு வேலையை விட்டு நிற்கும் பேச்சு எழவில்லை.

எனக்கு அதன்பின் சும்மா இருக்க முடியவில்லை. என் ஸ்கூட்டரைப் பார்த்தேன். புதிய வண்டி, கோளாறே இல்லை. ஆனாலும் பெட்ரோல் நிற்கவில்லை. யோசித்தால் குறை என்னிடம்தான். வீட்டுக்கும் பட்டறைக்கும் கடைத்தெருவுக்கும் ஒரு நாளில் பத்துத் தடவை ஓடினேன். இன்ஜின் சூடாவதற்குள் அணைத்துவிட்டு, ஆறியதும் மறுபடி எடுப்பேன். வேலைகளைச் சேர்த்து ஒரே சுற்றாகப் போக ஆரம்பித்தேன். அதிலேயே வித்தியாசம் தெரிந்தது.

என் கணவரின் கார்தான் கடைசி. அதற்கு அவர் என்னை விடவில்லை. "கார் விஷயத்துல நீ தலையிடாத. கம்பெனியில சர்வீஸ் பண்ணி வச்சிருக்குது" என்றார். சென்னையில் ஒரு கல்யாணம் வந்தது. போகும்போது அவர் ஓட்டினார். உளுந்தூர்ப்பேட்டை தாண்டி நாலு வழிச்சாலையில் ஏறியதும் நூற்றுப் பத்துக்குக் கீழே முள் இறங்கவே இல்லை. திரும்பும்போது நான் ஓட்டினேன். கிளம்பும்போதும் நிரப்பினோம், சென்னையிலும் நிரப்பினோம்.

நான் எண்பதிலேயே வைத்துக்கொண்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "சைக்கிள்காரன் தாண்டிப் போறான் பாரு" என்றார்.

"போவட்டும். லோடு வண்டியில கூண்டு காத்தை இழுத்த மாதிரி, வேகம் போனா காரும் காத்தை முட்டிக்கிட்டுத்தான் போவும். அதுக்கெல்லாம் பெட்ரோல்தான எரியணும்."

அவர் திண்டிவனம் வருவதற்குள் தூங்கிவிட்டார். ஊர் வந்து பங்க்கில் நிறுத்தியபோதுதான் விழித்தார். அவர் கண்ணெதிரிலேயே நிரப்பச் சொன்னேன். போகும்போது குடித்ததைவிட நன்றாகவே குறைவு. வந்து சேர்ந்தது மட்டும் அரை மணிக்கும் கொஞ்சம் மேலே தாமதம்.

"இன்னிக்கு எதிர்காத்து இல்ல போல" என்றார்.

"இருக்கலாம்" என்றேன்.

போன மாதம், எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற மங்களூர்ப் பக்கம் ஒரு ஆர்டர் விஷயமாக இருவரும் போனோம். அவர்தான் ஓட்டினார். பின்னால் வந்த தனியார் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது. முன்பென்றால் அதைத் துரத்திப் பிடித்திருப்பார். தூரத்தில் ஒரு வேகத்தடை தெரிந்தது. அவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல், ஆர்டர் எடுக்கப்போகிற கடைக்காரரைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.