சந்தனம் காய்ந்த டிஸ்க்

பேய் உண்டா என்று யாராவது கேட்டால், உண்டு என்றே வைத்துக்கொள்வோம், அதற்குக் கரண்ட் பில் யார் கட்டுகிறார்கள் என்று திருப்பிக் கேட்கிற ஆள் நான். பகுத்தறிவு என்று பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வெறும் சோம்பேறித்தனம். நம்ப ஆரம்பித்தால் விரதம் இருக்க வேண்டும், அமாவாசைக்குக் குளிக்க வேண்டும், யாரால் முடியும்? இந்தச் சம்பவத்தை என் டாக்டரிடம் சொன்னபோது பிரஷர் பார்த்தார். மைத்துனரிடம் சொன்னபோது என்ன பிராண்டு என்று கேட்டார். நீங்கள் இரண்டில் எதைச் செய்வதானாலும் நான் முடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இது நடந்தது நடுராத்திரியில் இல்லை. பட்டப்பகலில், பொரி கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் வந்த ஐந்தாறு வருஷங்களுக்குள் நடந்தது. காக்களூரில் எனக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடை. கடை என்றால் ஒரு ஷட்டர், ஒரு மேசை, நான். திருவள்ளூரில் பஸ் பிடித்து பெரியபாளையம் வழியாகப் புதுவாயலில் இறங்கினால், கும்மிடிப்பூண்டி போகிற வழியில் ஒரு ஃபவுண்டரி. பம்புகளுக்கு இரும்பு வார்க்கிற இடம். அங்கே டிராயிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொண்டவர் நசீர் பாய். பழவேற்காட்டுக்காரர். வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, கணக்கு எழுதப் பிடிக்காமல் கோடு போட வந்தவர். ஒரு மழைக்காலத்தில் ஃபவுண்டரிக்குள் வெள்ளம் புகுந்து அவருடைய காகித வரைபடங்கள் எல்லாம் கூழாகிப் போயின. மனுஷன் அசரவில்லை. அத்தனையையும் ஞாபகத்திலிருந்தும் பழைய வார்ப்புகளை அளந்து பார்த்தும் கம்ப்யூட்டரில் மறுபடி வரைந்தார். முடிக்கும்போது கண்ணில் புரை விழுந்திருந்தது.

அந்த வரைபடங்களை வைக்கத்தான் நான் ஒரு பெட்டி செய்துகொடுத்தேன். நான்கு ஹார்ட் டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து ஓட்டுகிற பெட்டி. இதற்கென்று விலை கூடிய கார்டு உண்டு. அதெல்லாம் வேண்டாம், சாஃப்ட்வேரே பார்த்துக்கொள்ளும் என்று முதலாளியிடம் அடித்துச் சொன்னேன். இதன் பெயர் ரெய்டு என்றதும் அவர் ஒரு தடவை வாசலைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார். விஷயம் எளிது. நாலு பேர் ஒரு ரகசியத்தைப் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் ஒருத்தர் செத்துப்போனால், மிச்ச மூன்று பேர் கூடி உட்கார்ந்து, செத்தவர் என்ன சொல்லியிருப்பார் என்று கணக்குப் போட்டே சொல்லிவிடுவார்கள். அவருடைய இடத்தில் புது ஆளை உட்கார வைத்தால், அவர் காதிலும் அதை மெல்ல ஓதி முடிப்பார்கள். ஓதி முடிப்பதற்குள் இரண்டாவது ஆளும் போய்விட்டால் எல்லாம் போச்சு, அழுதாலும் வராது.

அந்த சாஃப்ட்வேரை எழுதிய புண்ணியவான்கள் குளிர் தேசத்துக்காரர்கள். கும்மிடிப்பூண்டி வெயில் அவர்களுக்குத் தெரியாது. அதனால் நான் என் பங்குக்கு அதில் சில வரிகளை மாற்றி வேகத்தைக் கூட்டியிருந்தேன். வேகம் நன்றாகவே கூடியது. ஓதுகிற வேலையை நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான் ஆரம்பிக்கும் என்பது மட்டும் ஒரு சின்னக் குறை. பேக்கப் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது, அதே பெட்டிக்குள், இன்னொரு ஃபோல்டரில். சிரித்துக்கொள்ளுங்கள், நான் அப்புறம்தான் சிரித்தேன்.

ஆயுத பூஜைக்கு முன்தினம் ஒரு டிஸ்க் செத்தது. கழற்றி ஜன்னலோர மேசையில் வைத்துவிட்டு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வந்த புது டிஸ்க்கை மாட்டி ஓதலை ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் மீதி மூன்றில் ஒன்று டிக் டிக் என்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. டிஸ்க் சாகப் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். டிராயிங் செக்‌ஷனில் யாராவது ஒரு ஃபைலைத் திறந்தாலோ, நான் நகல் எடுக்கப் போனாலோ ஓதல் நொண்டியது. எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஓடியது. விடிந்தால் பூஜை, ஒருத்தரும் வேலை செய்ய மாட்டார்கள் என்று மனசுக்குள் சரஸ்வதிக்கு ஒரு நன்றி சொன்னேன். அவசரப்பட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் நான் போனபோது ஓதல் பாதியைத் தாண்டியிருந்தது. நசீர் பாய் பெட்டியின் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு, பிரசவ வார்டு வாசலில் இருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். நாஷ்டாகூட சாப்பிடவில்லை. முதலாளி உள்ளே வந்தார்.

"நைனா, இதை நிறுத்து. இன்னிக்கி ஒரு மிஷினும் ஓடக் கூடாது."

நிறுத்தினால் முதலிலிருந்து ஆரம்பிக்கணும், நோய் பிடித்த டிஸ்க் ஒருமுறை ஆறிவிட்டால் மறுபடி சுற்றவே சுற்றாது என்று கெஞ்சினேன். யூபிஎஸ்ஸில் மட்டுமாவது ஓடட்டும் என்றேன். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். "ஒரு வருஷம் ஆர்டர் அர்ஜென்ட்னு இதே நாள்ல ஒரே ஒரு மிஷினை ஓட்டினேன். ஒரு ஆளைத் தூக்கிக்கினு போனோம். திரும்பக் கூட்டிக்கினு வரல" என்றார். நான் பாயைப் பார்த்தேன்.

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நிறுத்துங்க சார். அவர் சொல்றது நியாயந்தான்" என்றார். முதலாளி வெளியே போனதும் மெதுவாக, "ஆனா இன்னொரு தபா வரைய எனக்குக் கண்ணு இல்ல சார்" என்றார்.

நிறுத்தினேன். டிஸ்க்குகள் ஒவ்வொன்றாக அடங்கின. நோயாளி டிஸ்க் மட்டும் கடைசியில் நீளமாக ஒரு முனகல் விட்டு அடங்கியது. எலக்ட்ரீஷியன் டேவிட் யூபிஎஸ் பேட்டரியின் ஒயரைக் கழற்றிப் போட்டு, மெயினையும் இறக்கிவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு வந்தான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், ஆனால் அந்த ஃபவுண்டரியில் அத்தனை மிஷினுக்கும் பொட்டு வைப்பது வருஷா வருஷம் அவன்தான். மானிட்டருக்கு, யூபிஎஸ்ஸுக்கு, திறந்து கிடந்த பெட்டிக்குள் நாலு டிஸ்க்குக்கும் வைத்தான். அப்புறம் மேசையில் கிடந்த செத்த டிஸ்க்குக்கும் வைத்தான்.

"யோவ், அது செத்துப்போச்சுய்யா."

"அது இன்னா சார் பாவம் பண்ணுச்சு? இத்தினி நாள் அதுவுந்தானே உழைச்சுது. கண்டுக்காத" என்று சொல்லிவிட்டு, அதற்குக் குங்குமமும் வைத்துப் போனான்.

அறையைப் பூட்டிச் சாவியை முதலாளி இடுப்பில் முடிந்துகொண்டார். அந்தச் சாலையில் அத்தனை தொழிற்சாலையும் நின்றிருந்தது. எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கிற இடத்தில் காக்கா கத்துவது கேட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நல்லாவே இல்லை.

விஜயதசமி காலை. வாசலில் பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கு ஒரு பொரிப் பொட்டலம் கொடுத்தார்கள். மழை பெய்து ஊரே ஈரமாக இருந்தது. முதலாளி பூட்டைத் திறந்து, நீங்க பாருங்க என்று எங்களை உள்ளே விட்டுவிட்டு நகர்ந்தார். மெயின் இன்னும் போடவில்லை, டேவிட் அந்தக் கோடியில் பேனல் ரூமில் எங்கள் குரலுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். நான் ஒரு வாய்ப் பொரியோடு உள்ளே போனேன். அறை அனலாக இருந்தது.

பூட்டிய அறை, புழுக்கம் என்றுதான் நானும் நினைத்தேன். மானிட்டரில் இருந்த பொட்டைத் தொட்டேன், சந்தனம் விரலில் ஈரமாக ஒட்டியது. யூபிஎஸ்ஸிலும் அப்படித்தான். பெட்டிக்குள் குனிந்து பார்த்தேன். மூன்று பழைய டிஸ்க்கிலும் சந்தனம் காய்ந்து, வெடித்து, பாளம் பாளமாக உதிர்ந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், ராத்திரி முழுக்க ஓடினால் எவ்வளவு சூடு இருக்குமோ அவ்வளவு சூடு. புது டிஸ்க் மட்டும் ஜில்லென்று இருந்தது. அதில் சந்தனம் ஈரம்.

"சார்" என்றார் நசீர் பாய். குரல் சரியில்லை. அவர் ஜன்னலோரம் நின்றிருந்தார். செத்த டிஸ்க்கைத் தொட்ட கையை உதறிக்கொண்டிருந்தார்.

போய்ப் பார்த்தேன். ஒரு ஒயர் இல்லை, ஒன்றும் இல்லை, சும்மா மேசைமேல் கிடக்கிற இரும்பு. சந்தனம் சுத்தமாகக் காய்ந்து தூளாகியிருந்தது, குங்குமம் கறுத்திருந்தது. என் வாயில் இருந்த பொரியை முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"போடவா சார்?" என்று பேனல் ரூமிலிருந்து டேவிட் கத்தினான். போடு என்று கத்தினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

பெட்டி உயிர் பெற்றது. நோயாளி டிஸ்க் ஒரு டிக்கும் இல்லாமல் சுற்றியது. திரையில் பார்த்தேன், நான்கு டிஸ்க்கும் நலம், ஓதல் முடிந்தது என்று இருந்தது. நிறுத்தும்போது பாதிதான் முடிந்திருந்தது, முதலிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும், நான் மாற்றிய வரிகளின் லட்சணம் எனக்குத் தெரியாதா? பாய் தன் கம்ப்யூட்டரில் ஒரு பம்ப் வரைபடத்தைத் திறந்தார். கோடு கோடாக வந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம், ரெண்டு பேரும் சந்தோஷப்படவில்லை. எல்லாவற்றையும் உடனே பாயின் கம்ப்யூட்டருக்கு நகல் எடுக்க ஆரம்பித்தேன். செத்த டிஸ்க்கை எடுத்து ஓரமாக வைக்கக் கை நீட்டினேன்.

"அதை நகத்தாதீங்க சார்" என்றார் பாய்.

"இதுல ஒயரே இல்ல பாய்."

"அதான் சொல்றேன். நகத்தாதீங்க."

என்ன காரணமோ, நானும் கையை எடுத்துக்கொண்டேன். பாய் ஒரு கர்ச்சீப்பை மடித்து அந்த டிஸ்க்கின்மேல் போட்டு, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார், காய்ச்சல்காரக் குழந்தைக்கு வைக்கிற மாதிரி. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "இப்ப ஒரு ஃபைல் முடிஞ்சுதா சார்?" என்பார். முடிந்திருக்கும். "இப்ப பெருசா ஒண்ணு போவுதா?" போய்க்கொண்டிருக்கும். நான் ஒன்றும் சொல்லாமலே அவர் சொல்லிக்கொண்டு வந்தார். எப்படி பாய் என்று கேட்டதற்கு, "கையில துடிக்குது சார்" என்றார். என் கையையும் இழுத்து அதன்மேல் வைத்தார். நம்புவது நம்பாதது உங்கள் இஷ்டம், துடித்தது.

கடைசி ஃபைலும் வந்து சேர்ந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பாய் கையை எடுத்தார். "நின்னுடுச்சு" என்றார். அடுத்த கணமே பெட்டிக்குள் நோயாளி டிஸ்க் மறுபடி டிக் டிக் என்று அடித்துக்கொண்டு, ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தது.

அந்த வாரமே புது டிஸ்க்கைக் காக்களூருக்குக் கொண்டுவந்து தனியாக மாட்டிப் பார்த்தேன். நாங்கள் நிறுத்திய இடம் வரைக்கும் நிறைந்திருந்தது. அதற்கு அப்பால், கடையில் வாங்கிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி, வெறுமை. அப்படியானால் பாதி வரைபடங்களில் நாலாவது ஆளின் பங்கைச் சொன்னது யார்? பாயின் கம்ப்யூட்டரில் இருந்த நகலில் ஒரு கோடு குறையவில்லை. அதை வைத்துத்தான் ஃபவுண்டரியின் அடுத்த ஆர்டர் போனது. முதலாளி எனக்கு ஒரு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே அந்த விலை கூடிய கார்டை வேறு ஒருவரிடம் வாங்கினார்.

செத்த டிஸ்க் என்னிடம்தான் இருக்கிறது. அதைத் தூக்கிப்போடவும் மனசு வரவில்லை, ஒரு ஒயர் மாட்டிப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மிக்ஸி, ஸ்கூட்டர், கத்திரிக்கோலோடு அதற்கும் பொட்டு வைக்கிறேன். கற்பூரம் அணைவதற்குள் அதில் மட்டும் சந்தனம் காய்ந்துவிடுகிறது. ஃபேன் காற்று என்கிறாள் மனைவி. ஒரு வருஷம் ஃபேனை நிறுத்திவிட்டு வைத்தேன். அதன் பிறகு நிறுத்துவதில்லை.

நசீர் பாய்க்குக் கண் ஆபரேஷன் ஆகி, பழவேற்காட்டில் மகன் வீட்டில் நன்றாக இருக்கிறார். அந்த ஃபவுண்டரி மூடிப் பல வருஷம் ஆகிறது. அந்த வரைபடங்கள் இப்போது யாருக்கும் தேவையில்லை, யாரும் திறப்பதில்லை. ஆனாலும் பூஜை அன்றைக்கு பாய் தவறாமல் போன் பண்ணுவார். நலம் விசாரிப்பார், மழை உண்டா என்பார், கடைசியில் குரலைத் தாழ்த்தி, "சார், அது சூடு இருக்குதா?" என்பார்.

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே போய், அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். யாரோ எங்கேயோ ஒரு ஃபைலைத் திறந்து, மூடி, மறுபடி திறப்பது கையில் துடிக்கும்.

"இல்ல பாய், ஜில்லுன்னு இருக்கு" என்பேன்.

ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.