ஏலக்காய் பேசாத ஒரு நாள்

துபாய் சுற்றுலாவுக்குக் கிளம்பி, போடிமெட்டு மலைப்பாதை வளைவில் எங்கள் ஜீப்பு திணறி நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் ஏலக்காயைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. அவர்கள் வீட்டு வியாபாரம் அது.

"துபாய்ல ஒருநாள் பூரா ஏலக்காய்ப் பேச்சு எடுக்கக் கூடாது. எடுத்தா, ராத்திரிச் சாப்பாடு எங்கேன்னு மத்த ஆளுதான் சொல்லணும்" என்றேன். எனக்கு விளக்குப் போட்ட படகில் விருந்து வேண்டும். அவருக்கு எந்த நாட்டிலும் ரசம் சோறு போடும் மெஸ்தான் வேண்டும்.

துபாயில் வானளாவிய கோபுரம் பார்த்தோம், செருப்பு வாங்கினோம். மனிதர் ஏலக்காய் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. மாலையில், "ஏங்க, வெரசா வாங்க, அத்தர் வாங்கணும்" என்று மசாலாக் கடைகள் இருக்கும் சந்துக்குள் இழுத்துப் போனேன். ஏலக்காய் மூட்டையைக் கண்டதும் அவர் கை தானாக உள்ளே போனது. அள்ளினார், உள்ளங்கையில் உருட்டினார், ஒன்றைக் கடித்தார்.

"அண்ணே, இது நம்ம மலைக் காய் இல்லையே" என்றார், மலையாளிக் கடைக்காரரிடம்.

"தோத்துட்டீங்க!"

"இது பேச்சில்ல, சோலி!"

அன்று ராத்திரி நான் கேட்ட படகு விருந்தில் கடைசியாகப் பாயசம் மாதிரி ஒன்று வந்தது. ஒரு கரண்டி வாயில் வைத்ததும், "காய் பழசு, மணமே இல்ல" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள்.

"நாளைக்கு மெஸ்ஸு" என்றார்.

அடுத்து ஜப்பானில் முயலப் போகிறோம். பெட்டியில் காய் கொண்டுவரக் கூடாது என்று புது விதியும் சேர்த்திருக்கிறோம். அதைச் சொன்னது அவர்தான், என் கைப்பையைப் பார்த்துக்கொண்டே.