கடைசிக் கைதி

சினிமாவுல சாகுறதே பொழப்பா வச்சிருக்கிற ஆள நீங்க பாத்திருக்கியளா? எங்க வீட்டுக்காரக லாசர் அதத்தான் பண்ணுதாக. தாராவியில இருந்து கோரேகாவ் ஷூட்டிங்குக்கு லோக்கல் டிரெயின்ல தொங்கிட்டுப் போவாக. கூட்டத்துல ஒருத்தரா நிப்பாக, சுட்டா விழுவாக.

அதுல ஒரு கூத்து இருக்கு. முகம் நல்லாப் பதிஞ்சிட்டா, அதே படத்துல மறுநாள் வேற வேஷத்துக்குக் கூப்பிட மாட்டானுவ. அதனால கேமரா பக்கத்துல வந்தாலே இவுக தலை அந்தாண்ட திரும்பிரும். இத்தனை வருசப் பழக்கம். எங்க மக ஜெனி காலேஜ்ல "எங்கப்பா சினிமாவுல நடிக்காக"ன்னா, எங்க காட்டுன்னு சிரிக்காளுவ. என்னத்தக் காட்டுவா பிள்ளை? முதுகையா?

போன வருசம் கர்த்தர் கண்ணத் திறந்தாரு. யுத்த காலத்துத் தீவுச் சிறைப் படம். பட்டாளத்தான் ஒருத்தன் செத்ததுக்குப் பழியா, போராட்டக்காரக் கைதிகள வரிசையா நிறுத்திச் சுடுதானுவ. சுடுறதுக்கு முன்னால ஒவ்வொரு முகமா பெருசாக் காட்டுவாங்களாம். கடைசி முகம் இவுகளுது. "இந்தத் தடவ எம் மூஞ்சி வருது லூசி"ன்னு ஷூட்டிங் முடிஞ்சி வந்து சொன்னாக. நான் எங்க சால்ல வரிசையா இருக்கிற அத்தனை வீட்டுலயும் சொல்லிட்டேன்.

ரிலீசன்னைக்கு சயான் தியேட்டர்ல போய்ப் பாத்தோம். ஜெனி சிநேகிதிகளையும் கூட்டிட்டு வந்தா. முகம் முகமா வருது. கடைசி ஆளு, இவுகதான்! சட்டுன்னு தலையத் திருப்பிட்டாகளே! காதும் பிடரியுந்தான் தெரியுது. சுட்டுட்டானுவ.

பின்னால ஒருத்தி, "கொல்லுறவனுக்கு முகத்தக்கூடக் காட்டல பாரு"ன்னு இந்தியில சொல்லி அழுதா. என்னா ரோசமாம். ரோசமாம் ரோசம்! படம் விட்டதும் இவுகளப் பிடிச்சிக்கிட்டேன்.

"ஏங்க, என்ன பண்ணி வச்சிருக்கிய?"

"தலை திரும்புனதே எனக்குத் தெரியல லூசி. டைரக்டர் சூப்பர்னு கை தட்டுனாரு. மூஞ்சிதான் நல்லா வந்திருக்குன்னு நினைச்சிட்டேன்."

"நினைச்சிய, போங்க!"

சிநேகிதிமாரு ஸ்டேசனுக்கு நடந்தாளுவ. ஜெனி மட்டும் வெளிய போஸ்டர் பக்கத்துல அவுக அப்பாவ நிறுத்துனா. "இங்க பாருங்கப்பா, கொஞ்சம் சிரிங்க"ன்னு மொபைலத் தூக்குனா. எடுத்ததப் பாத்துட்டு, எங்கிட்ட நீட்டுனா.

காதும் பிடரியும்.